ஒரு இரவு கரண்ட் போனால்? மலைநாட்டு வீட்டில் கடல் அனிமோன்: எந்தத் தொட்டி, எந்தத் தண்ணீர், எந்த உயிர்

நுவரெலியாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலை குவாட்டர்ஸில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. மச்சான் அங்கே டீ மேக்கர். போன டிசம்பர் விடுமுறைக்கு ஹட்டனில் என் வீட்டுக்கு வந்தார்கள். மருமகள் என் மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழும்பவே இல்லை. "மாமா, இந்தப் பூ சாப்பிடுமா?" என்றாள். அவள் பூ என்றது கடல் அனிமோனை. பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் பாறையில் ஒட்டி வாழ்கிற ஒரு விலங்கு அது. சின்ன இறால் துண்டு ஒன்றை இடுக்கியால் கொடுத்துக் காட்டினேன். விரல்கள் மாதிரி எல்லாம் மடிந்து, துண்டு உள்ளே போனது. அவ்வளவுதான், பிள்ளை விழுந்துவிட்டாள். ஊருக்குப் போய் மூன்றாம் நாள் மச்சானிடமிருந்து போன். "மச்சான், இவள் விடமாட்டேன் என்கிறாள். ரெண்டடித் தொட்டி ஒன்று வாங்கினால் போதும்தானே?"

போதும் என்று சொல்லியிருந்தால் எனக்கும் வேலை மிச்சம், கடைக்காரருக்கும் வியாபாரம். ஆனால் நான் முதலில் வாங்கியது அந்த ரெண்டடித் தொட்டிதான். அதில் நடந்ததைச் சொல்லாமல் அவருக்கு ஆலோசனை சொல்ல முடியாது.

என் முதல் அனிமோனைக் கொழும்புப் பக்கம் ஒரு கடையில் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற உடல், நுனிகளில் மெல்லிய ஊதா. அழகென்றால் அப்படி ஓர் அழகு. ரிஜிபோம் பெட்டியில் வைத்துக் காலை ரயிலில் ஹட்டனுக்குக் கொண்டுவந்தேன். பதினோரு நாள் இருந்தது. பத்தாம் நாள் வாய் திறந்தபடியே கிடந்தது. பதினோராம் நாள் காலையில் பார்த்தால், பூ இருந்த இடத்தில் சளி மாதிரி ஒன்று. தண்ணீர் பால் கலந்ததுபோல, கூடவிருந்த இரண்டு கோமாளி மீன்களும் (கடலில் அனிமோனுக்குள் குடியிருக்கிற மீன்) செத்து மிதந்தன. வீட்டில் அடித்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

அந்த வெள்ளைதான் விஷயம் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த வகை அனிமோன்களின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் சமைக்கிற உணவில்தான் அனிமோன் பெரும்பாலும் வாழ்கிறது. பழுப்பும் பச்சையும் கலந்த நிறம் அந்தப் பாசியுடையது. வெள்ளையாக இருக்கிறதென்றால் பாசியை இழந்துவிட்டது, பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். நான் பட்டினி கிடந்த ஓர் உயிரைக் குளிரில் ஆறு மணி நேரம் பயணம் செய்யவைத்து, புதிதாக நிரப்பிய தொட்டியில் விட்டிருக்கிறேன். சாகாமல் என்ன செய்யும்?

சரி, மச்சானுக்கு என்ன சொல்வது? இணையத்தில் கிடைக்கிற ஆலோசனைகள் பெரும்பாலும் நம் ஊருக்குப் பொருந்துவதில்லை. கொழும்பில் இருப்பவருக்குத் தண்ணீர் 30 பாகையைத் தாண்டிவிடுமோ என்ற பயம். குளிரூட்டும் இயந்திரம் வேண்டும், அது ஹீட்டரைவிடப் பல மடங்கு விலை. நமக்கு நேர்மாறு. ஹட்டன் ஏறக்குறைய 1270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1868 மீற்றர். நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பமே 16 பாகை செல்சியஸ் அளவுதான். தை மாத அதிகாலையில் புல்லில் உறைபனி விழுகிற ஊர். அனிமோனுக்கு வேண்டியதோ 25, 26 பாகை. ஆகவே நான் எல்லாத் தெரிவுகளையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: தை மாத இரவில் எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால், காலையில் எது உயிரோடு இருக்கும்?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையில் நாடு முழுக்க இருட்டானது. நமக்கு அவ்வளவு பெரிய காரணம்கூடத் தேவையில்லை. காற்று மழையில் ஒரு யூக்கலிப்டஸ் மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், மறுநாள் பகல்வரை மெழுகுவர்த்திதான்.

எந்த அனிமோன்?

கடைகளில் பொதுவாக மூன்று வகை பேசப்படும். கார்பெட் என்கிற கம்பள அனிமோன், மெக்னிஃபிசன்ட் அனிமோன், பபிள் டிப் என்கிற குமிழ்நுனி அனிமோன்.

கம்பளத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அந்தக் குடும்பத்தில் சில வகைகள் ஒரு மீற்றருக்கு மேல் அகலமாகும். கடையில் வழக்கமாக வருகிற மற்றவையும் அரை மீற்றர் அளவுக்கு வளரும். தொட்டால் கையில் ஒட்டிக்கொள்கிற அளவுக்குப் பலமான கொட்டும் செல்கள், பக்கத்தில் தூங்குகிற மீனைப் பிடித்துச் சாப்பிட்டுவிடும். வீட்டுத் தொட்டிக்கு இது வேண்டாம்.

மெக்னிஃபிசன்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மனம் இழுக்கும். காரணம், இலங்கைக் கடலுக்கும் மாலைதீவுக் கடலுக்கும் உரிய கருந்துடுப்புக் கோமாளி மீன் இயற்கையில் இந்த ஓர் அனிமோனில் மட்டும்தான் குடியிருக்கும். நம் கடலின் சோடி அது. ஆனால் இது பலத்த வெளிச்சமும் பலத்த நீரோட்டமும் கேட்கும். ஒரு மீற்றர் வரை வளரும். பிடிக்காத இடத்தில் நிற்காமல் தொட்டி முழுக்க நடந்துகொண்டே இருக்கும். கடலிலிருந்து பிடித்தெடுக்கும்போது, பாறையில் ஒட்டுகிற அதன் பாதம் கிழிந்துவிட்டால் தேறுவதும் அரிது. அனுபவம் உள்ளவர்களிடமே அடிக்கடி செத்துப்போகிற வகை. அதோடு, ஒன்றைக் கடலிலிருந்து எடுத்தால் அதை நம்பியிருந்த மீன் குடும்பத்துக்கும் வீடு போய்விடுகிறது. நான் வாங்கமாட்டேன், மச்சானையும் வாங்கவிடமாட்டேன்.

மிஞ்சுவது குமிழ்நுனி. முப்பது சென்ரிமீற்றர் அளவுக்கு விரியும். மற்ற இரண்டையும்விடப் பொறுமைசாலி. இதன் பெரிய வசதி, தானாகவே நெடுக்காகப் பிளந்து இரண்டாகும். அதனால் கடலில் பிடித்ததை வாங்கவேண்டிய அவசியம் இல்லை. யாராவது ஒருவர் வீட்டுத் தொட்டியில் பிளந்த பாதி கிடைத்தால், அது ஏற்கெனவே தொட்டி வாழ்க்கைக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் பழகியது. குளிர்க் கேள்விக்கும் இதுதான் ஓரளவு நல்ல பதில் சொல்கிறது. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் சொலிட்டரி தீவுகள் பக்கம் குளிர்காலத்தில் கடல் 20 பாகைக்குக் கீழே இறங்கும். அங்கேயும் இந்த அனிமோன் பாறையை மூடிக்கொண்டு வாழ்கிறது. அங்கே வெப்பம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்குகிறது, நம் தொட்டியில் ஓர் இரவில் இறங்கும் என்பதை மறக்கக்கூடாது. இருந்தாலும் 22 பாகைக்கு ஒரு தடவை போய்வந்தால் சுருங்கிக் கிடந்து, மறுநாள் விரிந்துவிடுகிறது. என் தொட்டியில் இதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்ன ஏமாற்றம் இருக்கிறது: கடையில் பார்த்த அந்தக் குமிழ்கள் வீட்டுக்கு வந்தபின் பெரும்பாலும் காணாமல் போய், நீண்ட விரல்களாகிவிடும். அது நோய் இல்லை. ஏன் அப்படி ஆகிறது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நான்காவதாக ஒரு தெரிவு இருக்கிறது, யாரும் சொல்லமாட்டார்கள்: அனிமோனே வாங்காமல் விடுவது. கோமாளி மீனுக்குத் தொட்டியில் அனிமோன் கட்டாயமில்லை. கடலில் பகைவர்களிடமிருந்து ஒளிய அதற்கு அது வேண்டும். தொட்டியில் பகைவன் இல்லை. ஒரு சோடி கோமாளி மீனும், காளான் போல விரிகிற மஷ்ரூம் பவள உயிரிகள் ஐந்தாறும் இருந்தால் பார்க்க அதே அழகு. மஷ்ரூமுக்கு வெளிச்சம் குறைவாகவே போதும், இடம் மாறி அலையாது, ஓர் இரவுக் குளிரில் ஒன்று செத்தாலும் தொட்டி முழுவதையும் கூட்டிக்கொண்டு போகாது. ஸோவாந்திட் என்ற பூப்போன்ற இன்னொன்றையும் கடையில் காட்டுவார்கள். அதன் சில வகைகளில் பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. சின்னப் பிள்ளை கைவிடுகிற தொட்டியில் அது வேண்டாம்.

இதை மச்சானிடம் சொன்னேன். "அவளுக்குப் பூதான் வேண்டும், காளான் இல்லை" என்றார். சரி, அப்போ தொட்டியைப் பேசுவோம்.

ரெண்டடி என்றால் எந்த ரெண்டடி?

ரெண்டடித் தொட்டி என்று கடையில் கேட்டால் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒன்றைத் தருவார்கள். அது 56 லீற்றர் சொச்சம். கல்லும் மணலும் போட்டால் 45 லீற்றர் தண்ணீர்கூட நிற்காது. அதே இரண்டடி நீளத்தில், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று சொல்லிச் செய்வித்தால் 127 லீற்றர். மேசையில் பிடிக்கிற நீளம் ஒன்றுதான், தண்ணீர் இரண்டு மடங்குக்கும் மேல். மூன்றடிக்குப் போனால் 190 லீற்றர் வரும். ஆனால் குவாட்டர்ஸ் பலகைத் தரையில் இருநூறு கிலோவுக்கு மேல் ஏற்றவேண்டும்.

என் பழைய சின்னத் தொட்டியில் ஒரு தடவை அளந்து பார்த்தேன். அறை 17 பாகை, தொட்டி 26 பாகை, இரவு பதினொன்றுக்குக் கரண்ட் போனது. காலை ஆறுக்கு 20 பாகை. அனிமோன் ஒரு முஷ்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. இப்போது இருக்கிற 127 லீற்றர் தொட்டி அதே மாதிரி இரவில் 22 வரை போகும். போர்வை சுற்றினால் 23க்குக் கீழே போவதில்லை. தண்ணீர் கூடக்கூட, சூடு வெளியேறும் கண்ணாடிப் பரப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை என்பதால் வரும் லாபம் இது. குளிரில் சோறு சட்டியோடு இருந்தால் சூடு நிற்கும், கோப்பையில் போட்டால் ஆறிவிடும் அல்லவா, அதே கணக்கு.

தண்ணீர் மாற்றும்போதும் இதே வித்தியாசம். 16 பாகையில் இருக்கிற பத்து லீற்றர் புதுத் தண்ணீரைச் சின்னத் தொட்டியில் ஊற்றினால் ஒரேயடியாக இரண்டு பாகை விழும். பெரியதில் ஒரு பாகைதான். (சூடாக்கி ஊற்றவேண்டும் என்பது வேறு விஷயம். அவசரத்தில் மறப்பவர்களுக்காகச் சொல்கிறேன், எனக்காகவும்தான்.)

அதனால் என் தீர்ப்பு நடுத் தொட்டி. ஓரடிக்கு ஓரடி தொட்டியில் அனிமோனை வைப்பதைவிட அந்தப் பணத்துக்குப் பிள்ளைக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கிக்கொடுக்கலாம்.

தண்ணீர்

இங்கேதான் மலைநாட்டுக்காரர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். காரணம், நம் தண்ணீர் நல்லது என்ற நம்பிக்கை. குடிக்க நல்லதுதான். மச்சானும் அதைத்தான் சொன்னார்: "எங்கள் பீலித் தண்ணீருக்கு என்ன குறை? கண்ணாடி மாதிரி வருகிறது. உப்பைக் கலந்தால் கடல்தானே?"

"மேல் மலைக்கு இந்த மாதம் என்ன மருந்து அடித்தீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. தேயிலையின் கொப்புள நோய்க்கு மழைக்காலத்தில் அடிப்பது செம்பு கலந்த மருந்து. பீலிக்கு வருகிற ஊற்று அந்த மலைக்குக் கீழேதான். முதுகெலும்பில்லாத கடலுயிர்களுக்குச் செம்பு எமன். மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் அளவில் செம்பு மருந்து விடுவார்கள். மீன் பிழைக்கும், அதே தொட்டியில் இருக்கிற அனிமோன் சாகும். அவ்வளவு சிறிய அளவு. டீடிஎஸ் மீற்றரை நனைத்துப் பார்த்து "முப்பதுதான் காட்டுகிறது, சுத்தம்" என்று நிம்மதியடைவதில் பயனில்லை. அந்த மீற்றர் கரைந்திருப்பதின் மொத்தத்தைத்தான் காட்டும், எது கரைந்திருக்கிறது என்று காட்டாது. மழை நீர் பிடிக்கலாமே என்பார்கள். தகரக் கூரையில் விழுந்து வரும் மழையில் துத்தநாகம் இருக்கும், அதுவும் இதற்கு ஆகாது. டவுனில் குழாய் நீர் என்றால் குளோரின்.

ஆகவே ஆர்.ஓ. வடிகட்டி, அதாவது தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி வடிக்கிற கருவி. அதற்குப் பின்னால் அயன்களைப் பிடிக்கிற பிசின் குழாயும் சேர்ந்தது. மெதுவாகத்தான் சொட்டும்; இரவில் வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் வாளி நிறைந்திருக்கும். வீணாகிற தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடலாம்.

அப்புறம் உப்பு. சமையல் உப்பு, கல்லுப்பு, புத்தளத்து உப்பு, ஆனையிறவு உப்பு எதுவும் உதவாது. "கடலில் இருந்து எடுத்ததுதானே?" என்று எல்லாரும் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். உப்பளத்தில் கடல் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணச்சத்துள்ள ஜிப்சம் படியும். அது தனிப் பாத்தியில் நின்றுவிடும். பிறகு உப்பு படியும். அதற்கும் பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரில்தான் மக்னீசியம் இருக்கும், அதை வெளியே விட்டுவிடுவார்கள். ஆக நம் கைக்கு வருவது கடலின் ஒரு துண்டு மட்டும். கறிக்கு அது போதும். அனிமோனுக்குக் கல்சியம் லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்கு மேலும், மக்னீசியம் 1300 அளவிலும் இருக்கிற முழுக் கடல் வேண்டும். மீன் தொட்டிக்கென்று விற்கிற கடல் உப்புக் கலவையைத்தான் வாங்கவேண்டும். லீற்றருக்கு 35 கிராம் சொச்சம்; வாரம் பத்து லீற்றர் மாற்றினால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ போகும்.

இதற்கு மாற்று, கடல் நீரையே கொண்டுவருவது. முதல் வருடம் நான் இதைத்தான் செய்தேன். கொழும்புக்குப் போகிற லொறிக்காரர் ஒருவரிடம் கேன்கள் கொடுத்துவிடுவேன். உப்புச் செலவு இல்லை, வெறும் போக்குவரத்துச் செலவு. ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அது நம் மலைகளில் போட்ட உரத்தையும் வழியில் உள்ள தொழிற்சாலைக் கழிவையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வடக்கே கடலில் விழுகிறது. கேனை நிரப்புகிறவர் அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நிரப்பினால், நாம் செம்புக்குப் பயந்து விட்ட தண்ணீரைச் சுற்றுவழியில் பணம் கொடுத்துத் திருப்பி வாங்குகிறோம். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மேற்குக் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கிய பிறகு நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருந்து கிழக்குக் கரைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இந்த வழி இன்னும் சரியாக இருக்கலாம். வடகீழ்ப் பருவக்காற்றில் அங்கே கடல் கலங்கும், அந்த மாதங்களுக்கு உப்புக் கலவை கையிருப்பில் வேண்டும். மண்சரிவில் பாதை மூடினாலும் அதே கதைதான்.

உப்பின் அளவைப் பார்க்க மிதக்கிற முள் வைத்த பெட்டியைவிட ஒளிமுறிவு மானி நல்லது. எதுவானாலும் நீரைச் சூடாக்கிய பிறகு பாருங்கள். குளிர் நீரில் அந்த முள் பொய் சொல்லும். ஒப்படர்த்தி 1.025 அருகே இருந்தால் சரி.

கல் விஷயத்தில் ஒரு வார்த்தை. கடற்கரையில் பவளப்பாறைத் துண்டு பொறுக்கி வந்து போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பவளப்பாறையை எடுப்பது சட்டப்படி குற்றம். ஹிக்கடுவையும் புறாத்தீவும் தேசியப் பூங்காக்கள், அங்கே எதையும் தொடவே கூடாது. செயற்கையாகச் செய்த துளைக் கல் கிடைக்கிறது, அது போதும்.

சூடும் மூச்சும்

கரண்ட் கேள்விக்குத் திரும்புவோம். 127 லீற்றர் தொட்டிக்கு ஒரே பெரிய 300 வொட் ஹீட்டர் போடுவதா, 150 வொட் இரண்டு போடுவதா? விலையில் ஒன்று மலிவு. ஆனால் ஹீட்டர் பழுதாகும்போது பெரும்பாலும் நிற்காமல் எரிகிற பக்கமாகத்தான் பழுதாகும். பெரியது ஒன்று அப்படி எரிந்தால் காலையில் மீன் குழம்பு. சிறியது ஒன்று எரிந்தால் நம் குளிரில் அதால் தனியாகத் தொட்டியைக் கொதிக்கவைக்க முடியாது. ஒன்று செத்தாலும் மற்றது ஓரளவு தாங்கிப் பிடிக்கும். இரண்டையும் வெளியே ஒரு தெர்மோஸ்டாட் பெட்டி வழியாக ஓடவிடவேண்டும். கோழிக் குஞ்சு பொரிக்கவைக்கிற பெட்டிக்கு விற்கிற மலிவான தெர்மோஸ்டாட்டே இந்த வேலைக்குப் போதும். மச்சானுக்கு இதைச் சொல்லவே தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் நாள் முழுக்க வெப்பமானியோடு வாழ்கிறவர். அந்த ஒரு விஷயத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

மின் கட்டணமும் ஒரு கணக்கு. 200 வொட் நாளில் பாதி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 72 யூனிட். நம் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது என்பதால், ஒரு படி தாண்டினால் வலிக்கும். பின்பக்கமும் இரண்டு விலாவும் அடியும் ரிஜிபோம் ஒட்டி, மேலே ஒரு கண்ணாடி மூடியைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்தால் செலவு பாதிக்குப் பக்கமாக இறங்குகிறது. முன்பக்கம் மட்டும் பார்க்க இருந்தால் போதாதா? தொட்டியை வைக்கிற இடம், அடுப்படிச் சுவருக்கு மறுபக்கம். சன்னலோரம் வேண்டாம்.

இப்போது கரண்ட் போன இரவு. இன்வேட்டர் வாங்கி ஹீட்டரையும் ஓட்டலாம் என்று மச்சான் நினைத்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 12 வோல்ட், 100 அம்பியர் மணி ஈய பெட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது 600 வொட் மணி அளவுதான். 100 வொட் ஹீட்டர் ஆறு மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். ஆனால் 5 வொட் காற்றுப் பம்பு ஒன்று அதே பெட்டரியில் ஐந்து நாள் ஓடும். ஆகவே பெட்டரியைச் சூட்டுக்குச் செலவழிக்கக்கூடாது, மூச்சுக்குத்தான். ஒரு சின்ன, மின்கலத்தில் ஓடுகிற காற்றுப் பம்பே போதும், இன்வேட்டரே வேண்டாம்.

மூச்சு நம் ஊரில் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீரில் கரைகிற ஒட்சிசனும் அதே விகிதத்தில் குறையும். கொழும்பில் பம்பு நின்று நாலு மணி நேரம் தாங்குகிற தொட்டி இங்கே அவ்வளவு தாங்குமென்று எதிர்பார்க்கவேண்டாம். சாதாரண நாளிலும் நீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கிக்கொண்டே இருக்கட்டும். நுரை பிரிக்கும் ஸ்கிம்மர் இருந்தால் அழுக்கும் போகும், காற்றும் கலக்கும்.

சூட்டுக்குப் போர்வையும் போத்தலும். தடித்த கம்பளியால் தொட்டியைச் சுற்றிவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்துக் கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி, இறுக மூடித் தொட்டியில் மிதக்கவிடுங்கள். 80 பாகையில் இரண்டு லீற்றர் வெந்நீர், நூறு லீற்றர் தொட்டியை ஏறக்குறைய ஒரு பாகை உயர்த்தும். இரவில் இரண்டு தடவை எழும்பினால் விடியும்வரை சமாளிக்கலாம். போத்தல் அனிமோன்மேல் படாமல் நூலால் கட்டுங்கள். போத்தலை முதலில் இளஞ்சூட்டில் காட்டாமல் கொதிநீர் ஊற்றினால் வெடிக்கும், நான் வெடிக்கவைத்திருக்கிறேன்.

பழைய குவாட்டர்ஸ்களில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். உப்பு நீரும் கரண்டும் ஒரே மேசையில். அது இல்லாத வீட்டில் தொட்டியே வேண்டாம்.

இந்த ஹீட்டர் கதையெல்லாம் பேசும்போது எனக்கு ஸ்கொட்லாந்துப் பாட்டி ஞாபகம் வரும். 1828இல் நோர்த் பெர்விக் கரையில் சேர் ஜோன் டல்யெல் என்ற இயற்கை ஆய்வாளர் எடுத்த ஓர் அனிமோன் அது. பல கைகள் மாறி, ஒரு கண்ணாடிச் சாடியில், 1887 வரை எடின்பரோவில் வாழ்ந்தது. பெயரே 'பாட்டி'. வளர்த்தவர் செத்த பிறகும் வாழ்ந்திருக்கிறாள். விளக்கு இல்லை, ஹீட்டர் இல்லை. ஏனென்றால் அது குளிர்க் கடலின் பாறைக் கரையில் வாழ்கிற வகை. திசுவுக்குள் பாசி கிடையாது, இரை கிடைத்தால் போதும். ஸ்கொட்லாந்துத் துரைமார் நம் தோட்டங்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்துவிட்டுப் போனார்களே, அந்தப் பாட்டியைக் கொண்டுவந்திருந்தால் நுவரெலியாவில் சௌகரியமாக இருந்திருப்பாள். நமக்குக் கிடைப்பது வெப்பக் கடலின் பிள்ளைகள்தான்.

மற்றவை

விளக்கு: வீட்டு டியூப் லைட் போதாது. கடல் தொட்டிக்கென்று வருகிற, நீலம் தூக்கலான எல்.இ.டி. வேண்டும், நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். இதில் மிச்சம் பிடித்தால் அனிமோன் மெல்ல மெல்ல என் முதல் அனிமோன்போல வெள்ளையாகும்.

உணவு: வாரத்துக்கு ஒரு தடவை, அதன் வாயைவிடப் பெரிதாகாத இறால் அல்லது மீன் துண்டு. கருவாடு கூடாது. தினமும் ஊட்ட மருமகள் ஆசைப்படுவாள், விடக்கூடாது. கக்கிவிடும், தண்ணீர் கெடும்.

பம்பு: உறிஞ்சுகிற வாய்க்கு ஸ்பொஞ்ச் கட்டாயம். அனிமோன் நடக்கும், நடந்தால் நேரே பம்புக்குத்தான் போகும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது வாயும் பாதமும். வாய் இறுகி மூடியிருக்கவேண்டும், பாதத்தில் கிழிசல் இருக்கக்கூடாது, நிறம் வெள்ளையாக இருக்கக்கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பையின் நீரையும் தொட்டியின் நீரையும் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துப் பழக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் மச்சானுக்குக் கடினமாக இருந்தது காத்திருப்புதான். புதுத் தொட்டியில் மீன் கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன் பிறகு மீன் விடலாம். அனிமோனுக்கு ஆறு மாதமாவது போகட்டும். உப்பும் வெப்பமும் ஆடாமல் நிற்கப் பழகுவது தொட்டி மட்டுமில்லை, நாமும்தான்.

நான் சொன்னது: நடுத் தொட்டி, ஆர்.ஓ. நீர், உப்புக் கலவை, இரண்டு ஹீட்டர், காற்றுப் பம்பு. முதல் ஆறு மாதம் ஒரு சோடி கோமாளி மீனும் நாலு மஷ்ரூமும். அந்த ஆறு மாதத்தில் இரண்டு மூன்று கரண்ட் இல்லாத இரவாவது வரும், வெப்பமானியை எழுதிவையுங்கள். 22க்குக் கீழே ஒரு தடவையும் போகவில்லையென்றால் குமிழ்நுனி. போனால், காளானோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தொட்டி வந்துவிட்டது. மருமகள் ஒரு கொப்பியில் கோடு போட்டு, காலையும் இரவும் வெப்பம் எழுதுகிறாளாம். என் வீட்டு அனிமோன் போன மாதம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி அவளுக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன். அது இப்போதைக்குத் தொட்டியின் பின் மூலையில், எனக்கே தெரியாத இடத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.